குறைமாதச் சிசுவும் இரண்டு நாள் அவகாசமும்

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்று வீட்டுப் பாட்டிமார் சொல்லக் கேட்டிராத தமிழர் அநேகமாக இரார். பண்டைக் கிரேக்க வைத்தியர்களுக்கும் இதே அபிப்பிராயம் இருந்தது என்பதை அறியும்போது, இத்தனை தூரம் பரவி இத்தனை காலம் நிலைத்த ஒரு நம்பிக்கையில் ஏதோ ஓர் உண்மை ஒளிந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பிரசவ விடுதிகளின் பதிவேடுகள் அதற்கு நேர்மாறாகவே சாட்சி சொல்கின்றன. கர்ப்பத்தில் சிசு தங்கும் ஒவ்வொரு வாரமும் அதன் ஆயுளுக்கு ஆதாயமே. இருபத்தெட்டு வாரத்துச் சிசுவைவிட முப்பத்திரண்டு வாரத்துச் சிசுவும், அதைவிட முப்பத்தாறு வாரத்துச் சிசுவும் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இதற்கு முதற்காரணம் எது என்று கேட்டால், சிசுவின் நுரையீரல் என்றே வைத்தியர்கள் விடை சொல்வார்கள்.

கர்ப்பத்துக்கு நாற்பது வாரம் கணக்கு. முப்பத்தேழு வாரம் நிறைவதற்கு முன்னர்ப் பிறந்ததைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகமெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அவற்றுள் சுமார் 30 லட்சம் நம் பாரத தேசத்தில் பிறந்தவை. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் மரண காரணங்களில் முதலிடம் வகிப்பதும் குறைப்பிரசவத்தால் வரும் உபாதைகளே.

தாயின் வயிற்றில் இருக்கும்வரை சிசுவுக்குச் சுவாசம் என்பது கிடையாது. பிராணவாயு தொப்புள்கொடி வழியாகவே வந்து சேர்கிறது. நுரையீரலில் காற்றுக்குப் பதிலாக நீர்தான் நிறைந்திருக்கிறது. பிறந்த அந்தக் கணத்தில் அந்த நீரெல்லாம் வடிந்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணறைகள் முதன்முதலாகக் காற்றால் விரிந்து, விரிந்தவை அடுத்த மூச்சுவரை மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். கஷ்டமெல்லாம் இந்த மூடிக்கொள்ளாமல் நிற்பதில்தான் இருக்கிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிரிக்க முயன்றவர்களுக்கு, நீரின் மேற்பரப்புக்கு எவ்வளவு இழுக்கும் சக்தி உண்டு என்பது தெரிந்திருக்கும். அதே சக்திதான் ஈரமான நுண்ணறைகளின் சுவர்களையும் ஒட்டவைக்கப் பார்க்கிறது. அதைத் தணிப்பதற்கென்றே நுரையீரலின் சில உயிரணுக்கள் வழவழப்பான ஒரு கொழுப்புப் பொருளைச் சுரக்கின்றன. வைத்தியர்கள் அதற்குச் சர்ஃபாக்டன்ட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இருபத்துநான்காம் வாரம் அளவில் சிறுகச் சிறுகத் தோன்றும் இந்தச் சுரப்பு, போதிய அளவை எட்டுவதற்கு முப்பத்துநான்கு, முப்பத்தைந்து வாரம் ஆகிவிடுகிறது. அதற்கு முன்னர் உலகத்துக்கு வந்துவிட்ட சிசு ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு உள்ளே குழிய, முனகிக்கொண்டே போராடி, ஓரிரு நாளில் ஓய்ந்துபோகக்கூடும்.

1959ஆம் ஆண்டில் மேரி எல்லன் ஏவரி என்னும் அமெரிக்கப் பெண் வைத்தியரும் அவருடைய சகாவான ஜேர் மீடும் இந்தச் சுரப்பின் குறைவே நோயின் மூலம் என்று கண்டு வெளியிடும்வரை, குறைமாதச் சிசுக்கள் ஏன் இப்படி மூச்சுத்திணறி மாய்கின்றன என்பது விளங்காமலே இருந்தது. காரணம் தெரிந்தபின்பும் பரிகாரம் உடனே வந்துவிடவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த ஆண்மகவு, அந்த நாட்டின் பேர்போன வைத்தியர்களெல்லாம் சூழ்ந்திருந்தும், இதே நோயினால் இரண்டே நாளில் இறந்தது. இன்று நம்முடைய மாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் அதே எடையுள்ள குழந்தையைப் பிழைக்கவைப்பது பெரிய சாதனையாக யாருக்கும் தோன்றாது. அறுபது ஆண்டுகளில் நிகழ்ந்த மாறுதல் இவ்வளவு.

அந்த மாறுதலின் முக்கியமான பகுதி ஓர் ஆட்டுக்கொட்டிலில் ஆரம்பமாயிற்று. நியூஸிலாந்தில் ஆக்லந்து நகரத்துத் தேசீயப் பெண்கள் மருத்துவமனையில் பிரசவ வைத்தியராக இருந்த கிரகாம் லிகின்ஸ் என்பவர், பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது தாயா, சிசுவா என்னும் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, சினை ஆடுகளின் வயிற்றுக்குள்ளிருக்கும் குட்டிகளுக்குக் கார்ட்டிசால் இனத்தைச் சேர்ந்த ஸ்டீராய்டுகளைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீராய்டு செலுத்தியவுடன் ஆடுகள் காலத்துக்கு முன்பே ஈன்றன. அவர் தேடிய விடை அதில் கிடைத்துவிட்டது. ஆனால் தேடாத வேறொன்று அவர் கண்ணில் பட்டது. அவ்வளவு முன்னதாகப் பிறந்த குட்டி மூச்சே விடாமல் இறந்து கிடக்க வேண்டியதற்கு மாறாக, மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பின்னர் அறுத்துப் பார்த்தபோது அதன் நுரையீரலில் ஒரு பகுதி காற்றால் விரிந்திருந்தது. தேடிய பொருள் கிட்டிய பூரிப்பில் தேடாததை உதறிவிடுகிற ஆராய்ச்சியாளர்களே அதிகம். லிகின்ஸ் அப்படிச் செய்யவில்லை. நிறைமாதம் நெருங்கும்போது சிசுவின் உடலில் தானாகவே பெருகும் கார்ட்டிசால்தான் நுரையீரலைச் சுவாசத்துக்குப் பக்குவப்படுத்துகிறது என்றும், அந்தப் பக்குவத்தை ஊசி மருந்தினால் முன்கூட்டியே வரவழைக்கலாம் என்றும் அவர் யூகித்தார்.

அவரும் ராஸ் ஹோவி என்னும் குழந்தை வைத்தியரும் 1969 டிசம்பரில் மனிதரிடத்தில் பரீட்சையை ஆரம்பித்தார்கள். காலத்துக்கு முன்பே பிரசவம் நேரக்கூடிய தாய்மார்களில் ஒரு சாராருக்குப் பீட்டாமெத்தசோன் ஊசியும், மற்றொரு சாராருக்கு வீரியம் மிகக் குறைந்த வேறொரு ஊசியும், யாருக்கு எது என்று தெரியாத வகையில் போடப்பட்டன. 282 தாய்மார்களைப் பற்றிய முதல் முடிவுகள் 1972ஆம் ஆண்டில் வெளியாயின. மருந்து பெறாத தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 26 பேருக்குக் கண்ட மூச்சுத்திணறல், மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 9 பேருக்கே கண்டது. சிசு மரணமும் நூற்றுக்கு 15 என்பதிலிருந்து 3 ஆகக் குறைந்தது.

இத்தனை தெளிவான பலன் தெரிந்த பிறகும் உலகம் இருபது ஆண்டுக்காலம் தயங்கி நின்றது என்பதை வைத்திய சரித்திரத்தின் வெட்கக்கேடுகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். அடுத்தடுத்து நடந்த சிறு சிறு பரீட்சைகள் தனித்தனியே பார்க்கையில் சந்தேகத்துக்கு இடமளித்தன. அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கூட்டிப் பார்க்கும் உழைப்பை ஐரிஷ் பெண் வைத்தியரான பட்ரிஸியா கிரௌலி மேற்கொண்டபோது சந்தேகத்துக்கு இடமே இல்லாமற் போயிற்று. அப்படிக் கூட்டிப் பார்ப்பதையே தன் தொழிலாகக் கொண்டு 1993இல் நிறுவப்பட்ட காக்ரேன் என்னும் அமைப்பு, இந்த ஊசியைப் பற்றிய ஏழு பரீட்சைகளின் முடிவுகளைக் காட்டும் கோடுகளையே தன் இலச்சினையாக வைத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு நிபுணர் சபை கூடி இதைப் பரிந்துரைத்தபோதும், தகுதியுள்ள தாய்மார்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட அது போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

நம் நாட்டில் இதற்குப் பெரும்பாலும் உபயோகிக்கப்படுவது டெக்ஸாமெத்தசோன். கொரோனா காலத்தில் பத்திரிகைகளில் அடிபட்ட அதே மருந்துதான். எல்லா ஸ்டீராய்டும் இந்தக் காரியத்துக்கு உதவாது. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் கொடுக்கும் பிரெட்னிசலோனின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே சிதைத்துவிடுகிறது; சிசுவை எட்டுவது சொற்பம். டெக்ஸாமெத்தசோனும் பீட்டாமெத்தசோனும் அந்தத் தடையைத் தாண்டிச் செல்லக்கூடியவை. டெக்ஸாமெத்தசோனில் ஒரு தடவைக்கு 6 மில்லிகிராம் வீதம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசிகள் தாயின் தசையில் போடப்படுகின்றன. நான்கு ஊசிக்குமான மருந்தின் விலை ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. முதல் ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே பலன் அரும்பத் தொடங்கினாலும், ஒரு நாள் கழிந்ததிலிருந்து ஏழு நாள் வரையிலான காலத்தில் பிறக்கும் குழந்தைக்கே முழுப் பயன் கிட்டும். மூச்சுத்திணறலோடு, மூளையில் இரத்தக் கசிவு, குடல் அழற்சி ஆகிய ஆபத்துக்களையும் இது குறைக்கிறது. ஆகையினால்தான் வலியோடு வந்த தாய்க்கு, வலியைச் சற்றே தள்ளிப்போடும் நிஃபெடிபின் முதலிய மருந்துகளைக் கொடுத்து, நாற்பத்தெட்டு மணி நேர அவகாசத்தை வைத்தியர்கள் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள்.

2014ஆம் ஆண்டில் மத்திய அரசின் சுகாதார அமைச்சகம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 24 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இடையில் குறைப்பிரசவ வலி கண்ட தாய்க்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன்பாகவே முதல் ஊசியைப் போடும் அதிகாரத்தைத் துணைச் செவிலியருக்கும் அளித்தது. நம் ஊர்களில் கிராம சுகாதார செவிலியர் என்றும், வெறுமே நர்ஸம்மா என்றும் அழைக்கப்படுகிறவர் அவரே.

இந்த ஏற்பாடு களத்தில் எப்படிப் பலிக்கும் என்பதை உணர, ஆரணியை எடுத்துக்கொள்வோம். பட்டுக்குப் பெயர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியை நான் சொல்லவில்லை. பெரியபாளையத்துப் பவானி அம்மனுக்குச் சமீபத்தில், ஆரணியாற்றங்கரையில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிற ஆரணிப் பேரூராட்சியைச் சொல்கிறேன். நெல்வயல்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பாலைகளுக்கும் இடைப்பட்ட பிரதேசம் அது. பரம்பரைக் குடிகளோடு, சூளை வேலைக்காகத் தை மாசியில் ஒடிஸாவிலிருந்து குடும்பத்தோடு வந்து மழைக்காலம் தொடங்கும்போது திரும்பிவிடும் தொழிலாளரும், ஆலைகளை நம்பி வடமாநிலங்களிலிருந்து வந்தவர்களும் இந்த மாவட்டத்தில் கலந்து வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. 2008 செப்டம்பர் முதல் 108 வண்டி ஓடுகிறது. ஆகவே இங்கே பிரச்னை மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்பதன்று. எந்த மருத்துவமனைக்கு, எந்த நேரத்தில், எத்தனையாவது வாரம் என்ற கணக்கோடு போகிறோம் என்பதே பிரச்னை.

இந்த மூன்றும் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. அர்ஜென்டினா, குவாட்டிமாலா, கென்யா, ஜாம்பியா, பாகிஸ்தான் ஆகிய தேசங்களோடு நம் நாட்டின் பெலகாவி, நாகபுரி வட்டாரங்களையும் சேர்த்து, சுமார் ஒரு லட்சம் பிரசவங்களை உள்ளடக்கிய பெரியதொரு பரீட்சை நடந்தது. கிராமப்புறத்து ஆரம்ப நிலையங்களிலும் வீட்டுப் பிரசவங்களிலும்கூட இந்த ஊசியைப் பரவலாகப் போட்டால் சிசு மரணம் குறையும் என்று எதிர்பார்த்துச் செய்தார்கள். 2015ஆம் ஆண்டில் லான்செட் சஞ்சிகையில் வெளியான முடிவு எதிர்பார்ப்பைக் கவிழ்த்துவிட்டது. மிகச் சிறிய குழந்தைகளின் மரணம் குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு மூன்று அல்லது நான்கு மரணங்கள் அதிகமே ஆகியிருந்தன. தாய்மாருக்குக் கிருமித்தொற்றும் கூடியிருந்ததாகத் தெரிந்தது. ஊசி பெற்ற தாய்மார்களில் பெரும்பாலோர் உண்மையில் குறைமாதத்தில் பிரசவித்தவர்களே அல்லர்; மாதக் கணக்குச் சரியாக நிர்ணயிக்கப்படாமல், வேண்டாதவர்களுக்கெல்லாம் மருந்து போய்ச் சேர்ந்திருந்தது. பிறந்த சிசுவுக்கோ, மூச்சுக்கு உதவும் கருவியும் பயின்ற கைகளும் பல இடங்களில் இல்லை.

அப்படியானால் ஏழை நாடுகளுக்கு இந்த ஊசி ஆகாதா என்னும் கேள்வி எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் அதைக் கேள்வியாகவே விட்டுவிடாமல், இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில், ஸ்கேன் மூலம் வாரக் கணக்கை உறுதிசெய்து, குழந்தைப் பராமரிப்புக்குக் குறைந்தபட்ச வசதியும் உள்ள இடங்களில் மட்டும், 2,852 தாய்மார்களிடத்தில் மீண்டும் பரீட்சித்தது. இம்முறை பலன் இவ்வளவு தெளிவாக இருந்தபடியால், உத்தேசித்த எண்ணிக்கையை எட்டுமுன்னரே பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். வெறும் ஊசி போடப்பட்ட கூட்டத்தில் குழந்தைகளில் நூற்றுக்கு 23.5 பேர் இறந்தனர். டெக்ஸாமெத்தசோன் கூட்டத்தில் 19.6 பேர். இருபத்தைந்து தாய்மாருக்கு மருந்து கொடுத்தால் ஒரு சிசு பிழைக்கிறது. தாய்மாருக்குத் தொற்றும் கூடவில்லை. 2020இல் வெளிவந்த இந்த முடிவையும் முந்தைய முடிவையும் எதிரெதிராக வைத்துச் சண்டையிடுகிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில் இரண்டும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. ஊசி ஓர் உதவி. அதை ஏற்றுக்கொள்ள ஓர் ஏற்பாடு ஆயத்தமாக இல்லாவிட்டால் அது உதவியாக நிற்காது.

அந்த ஏற்பாட்டில் முதலாவதாக வேண்டியது தேதி. கடைசியாக மாதவிலக்கு ஆன நாள் எது என்று கேட்டால், திருவிழாவை வைத்தோ அறுவடையை வைத்தோ உத்தேசமாகச் சொல்லும் பெண்கள் இன்றும் பலர். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன், வாரக் கணக்கைச் சில நாள் வித்தியாசத்துக்குள் நிர்ணயித்துவிடும். கடைசி மூன்று மாதத்தில் முதன்முறையாக எடுத்தாலோ, கணக்கு மூன்று வாரம்வரை பிசகலாம். முப்பத்திரண்டு வாரமா, முப்பத்தைந்து வாரமா என்று தெரியாத இடத்தில் எந்த வைத்தியர்தான் திடமாக முடிவெடுப்பார்? வளர்ச்சி குன்றிய சிசு சிறிதாகத் தெரியும். சர்க்கரை வியாதியுள்ள தாயின் சிசு பருத்துத் தெரியும். வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் கணக்கு இரண்டு பக்கமும் ஏமாற்றும். தமிழ்நாட்டு அரசு கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பதிவெண் கொடுத்து வைத்திருப்பதன் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. ஆனால் சூளைக்கு வந்து சேரும்போதே ஐந்து மாதம் ஆகிவிட்ட ஒடிஸாப் பெண்ணுக்கு, பாஷையும் தெரியாது, முதல் ஸ்கேனும் இராது. நம் குடும்பங்களிலும் ஓர் இடறல் உண்டு. வளைகாப்பு முடிந்தவுடன் தலைப்பிரசவத்துக்காகப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். சீர்வரிசையெல்லாம் வண்டியில் ஏறும், புகுந்த வீட்டு அலமாரியிலிருக்கும் ஸ்கேன் காகிதம் மட்டும் ஏறாது. குறைப்பிரசவம் நேரக்கூடிய மாதங்களும் இவையே என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். முதுகிலிருந்து அடிவயிற்றுக்கு விட்டு விட்டு வரும் இழுப்பைச் சூட்டு வலி என்று எண்ணிக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருப்பது வழக்கம். பெரும்பாலும் அது சூட்டு வலியாகவே போய்விடுவதால் இந்த வழக்கம் நிலைத்திருக்கிறது. ஆனால் அந்த ஓர் இரவு, இரண்டு ஊசிக்கான நேரம். பனிக்குடம் உடைந்து நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ காத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நான்கு ஊசியும் முடிவதற்குள் பிரசவமாகிவிடுமே என்று தயங்கி முதல் ஊசியைப் போடாமல் விடுவதும் தவறு. ஓர் ஊசியோடு பிறந்த குழந்தைக்கும் ஓரளவு பயன் உண்டு.

மூன்றாவது, இடம். நுரையீரல் பக்குவமான சிசுவுக்கும் வெதுவெதுப்பும், மூக்கு வழியே மெல்லிய அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியும், தாய்ப்பாலும், தொற்றில்லாத சுற்றுப்புறமும் வேண்டும். ஜனங்கள் கண்ணாடிப் பெட்டி என்று சொல்லும் இயந்திரம் மாத்திரம் போதாது. அதைவிடத் தாயின் வெற்று மார்பில் அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு எத்தனையோ சிசுக்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆரணியிலிருந்து புறப்படுகிறவர்களுக்குப் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி பெற்ற திருவள்ளூர் ஒரு பக்கம், ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும், 1844இல் தோன்றிய எழும்பூர்த் தாய் சேய் நல மருத்துவமனையும் மறுபக்கம். துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் சாலைகளில் இந்தத் தூரத்தைக் கிலோமீட்டரால் அளப்பது வீண். ஆகையால் மூச்சுத்திணறும் சிசுவைப் பிறந்த பின் வண்டியில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, சிசுவைத் தாயின் வயிற்றிலேயே வைத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது எவ்வளவோ மேல். கர்ப்பப்பையைவிடச் சிறந்த ஆம்புலன்ஸை இதுவரை யாரும் செய்யவில்லை.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் அச்சப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதக்கணக்கில் சாப்பிடும் ஸ்டீராய்டின் தீங்குகளை நான்கு ஊசியோடு முடியும் சிகிச்சைக்கு ஏற்றிச் சொல்வது பொருந்தாது. லிகின்ஸின் பரீட்சையில் பிறந்த குழந்தைகளை அவர்கள் முப்பது வயதை எட்டியபின் தேடிப்பிடித்துப் பரிசோதித்ததில், கவலைப்படத்தக்க பெரிய வேற்றுமை எதுவும் காணப்படவில்லை. சர்க்கரை வியாதியுள்ள தாய்க்குச் சில நாள் இரத்தச் சர்க்கரை ஏறும். அதை அடிக்கடி பார்த்து அடக்க வேண்டும். கர்ப்பப்பையில் கிருமித்தொற்றின் அறிகுறி இருந்தால் இந்த ஊசி கூடாது. எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பத் திரும்பப் போடுவது சிசுவின் எடையைக் குறைக்கும். முப்பத்துநான்கு வாரத்தைத் தாண்டியவர்களுக்கும், நாள் பார்த்துச் செய்யும் சிசேரியனுக்கு முன்பும், கேள்விமுறையில்லாமல் இதைப் போட்டுவிடும் பழக்கத்தை நான் சிலாகிக்க மாட்டேன். அந்த வயதுச் சிசுக்களுக்கு மூச்சுத்திணறல் சற்றே குறைந்தாலும், பிறந்தவுடன் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுவது அதிகமாகிறது என்று 2016இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. வேண்டிய இடத்தில் கிடைக்காமலும் வேண்டாத இடத்தில் தாராளமாகவும் ஒரே மருந்து நம் நாட்டில் புழங்குவது விசித்திரமானது.

ஆரணியானாலும் வேறெந்த ஊரானாலும், வீட்டில் கர்ப்பிணி இருப்பவர்கள் மூன்று காரியங்களைச் செய்துவைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் காகிதத்தைத் தாய் சேய் நல அட்டைக்குள் வைத்து, அவள் போகும் ஊருக்கெல்லாம் கூடவே அனுப்புங்கள். முப்பத்துநான்கு வாரம் நிறையுமுன் விட்டு விட்டு வலித்தாலோ, நீர் கசிந்தாலோ, பொழுது விடியட்டும் என்று இராமல் 108ஐ அழையுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றச் சொன்னால், குழந்தையின் நுரையீரலுக்கான ஊசி போட்டாயிற்றா என்று தயங்காமல் கேட்டு, போட்ட மணியையும் அடுத்த ஊசிக்கான மணியையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.